திருவண்ணாமலைக்குக் கிழக்கே ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் இரவு புதுச்சேரி பக்கத்தில் கரையேறிய ஃபெஞ்சல் புயல், நகராமல் நின்று கொட்டிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடியது. உள்ளே ஏழு பேர். அதில் ஐந்து பேர் பிள்ளைகள். ஒருவரும் பிழைக்கவில்லை.

அதற்கப்புறம் சில வாரங்களுக்கு வேங்கிக்கால் டீக்கடையில் வேற பேச்சே கிடையாது. "மலை உள்ளார நெருப்பு இருக்குது சார். எரிமலைதான இது? இத்தினி நாளு சும்மா இருந்துச்சு, இப்ப பிளக்க ஆரம்பிச்சிடுச்சு" என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்த பையன் போனை நீட்டினான். "ஆப்பிரிக்காவுல நிலம் ரெண்டா பிளக்குதுண்ணா, வீடியோ பாருங்க. நம்மளுக்கும் அது வருமாம்."

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்திருக்காது. ஏன்னா, நம்ம பக்கத்தில் ஒரு பிளவு உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது மலையில் இல்லை, கிழக்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தள்ளி மண்ணுக்கு அடியில் இருக்கிறது. அது திறந்து 13 கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. வ.உ.சி. நகரில் நடந்ததற்கும் அதற்கும் தொடர்பு உண்டுதான், ஆனால் டீக்கடையில் நினைத்த மாதிரி இல்லை.

முதலில் எரிமலை. அக்கினித் தலம் என்பதில் நான் தலையிடவில்லை, அது வேறு கணக்கு. பாறையை மட்டும் பார்ப்போம். திருவண்ணாமலை, செஞ்சி, போளூர் வட்டாரத்தில் பெரும்பாலும் கிடைப்பவை நைஸ், கிரானைட், சார்னோக்கைட். நாம் எல்லாவற்றையும் சேர்த்துக் கருங்கல் என்றுவிடுகிறோம். எரிமலைக் குழம்பு வெளியே வந்து காற்றுப்பட்டுச் சட்டென்று குளிர்ந்தால் அதில் படிகம் வளர நேரம் இருக்காது, கண்ணுக்குத் தெரியாத பொடிப் பொடியாகத்தான் இருக்கும். நம்ம ஊர்க் கல்லைப் புதிதாக உடைத்துப் பாருங்கள், பளபளக்கிற படிகங்களைக் கண்ணாலேயே எண்ணலாம். மெதுவாக, ஆழத்தில், பல லட்சம் வருஷம் சூட்டிலேயே கிடந்த கல் அது. சார்னோக்கைட் உருவாவது பூமிக்குள் 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில். (சென்னைப் பரங்கிமலைக் கல் அதே வகை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனிக்காரரின் கல்லறைக்கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, 1893-இல் அவர் பெயரையே அந்தப் பாறைக்கு வைத்துவிட்டார். செத்தும் பெயர் வாங்கியவர் என்றால் இவர்தான்.) வயது சுமார் 250 கோடி ஆண்டு. இது எரிமலையின் வாய் இல்லை. மேலே இருந்த பல கிலோமீட்டர் கனமுள்ள பாறையெல்லாம் கரைந்துபோன பிறகு வெளியே தெரிகிற அடித்தளம்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருந்ததெல்லாம் எங்கே போச்சு என்ற கேள்விக்குத் திரும்ப வருவேன்.

இப்போ ஆப்பிரிக்கா. கென்யாவில் ஜான் வால்டர் கிரெகரி என்ற பிரிட்டிஷ் புவியியலாளர் 1893-இல் நடந்து திரிந்து பார்த்த பள்ளத்தாக்குதான் இந்தப் பெயருக்கே காரணம். ஆறு அரித்து உண்டாக்கிய பள்ளம் இல்லை இது, இரண்டு பக்கமும் நிலம் நிற்க நடுத்துண்டு மட்டும் கீழே இறங்கியிருக்கிறது என்று அவர் கண்டார். பிளவுப் பள்ளத்தாக்கு என்ற பெயர் அப்படி வந்தது. அலமாரியில் இறுக்கமாக அடுக்கிய புத்தகங்களில் நாலை உருவிவிட்டால் மீதியெல்லாம் சாய்ந்து இறங்கும் இல்லையா, அதுமாதிரி. நிலத்தோல் இரண்டு பக்கமும் இழுபட்டு மெலிகிறது, சாய்வான வெட்டுகள் விழுகின்றன, வெட்டுக்கு நடுவே உள்ள துண்டங்கள் சறுக்கி இறங்குகின்றன. இறங்காமல் நிற்கிற ஓரம்தான் செங்குத்துச் சரிவு, அதாவது மலைச்சுவர். ஒலிம்பிக் மாரத்தானில் ஓடுகிற கென்யாக்காரர்கள் பயிற்சி எடுக்கும் இட்டென் என்ற சிற்றூர் அப்படியொரு சுவரின் விளிம்பில்தான் இருக்கிறது. எல்கேயோ சரிவு என்பார்கள். ஊரின் உயரம் 2,400 மீட்டர். விளிம்பில் நின்று பார்த்தால் கீழே, ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், கேரியோ பள்ளத்தாக்கு.

பையன் காட்டிய வீடியோ 2018 மார்ச்சில் எடுத்தது. நரோக் சாலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போன ஒரு பெரிய வெடிப்பு. ஆப்பிரிக்கா இரண்டாகிறது என்று உலகமெல்லாம் பரப்பினார்கள். ஆப்பிரிக்கா பிரிவது உண்மை, ஆனால் அதன் வேகம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான். அந்த வெடிப்பைப் போய்ப் பார்த்த புவியியலாளர்களில் பலர் சொன்னது வேறு. பழைய எரிமலைச் சாம்பல் நிரம்பி மூடிக்கிடந்த இடுக்கை, கனமழை உள்ளிருந்து அரித்துத் திறந்துவிட்டது. பள்ளத்தாக்கு பிளவினால் வந்தது, அன்றைய வெடிப்பு மழையினால் வந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் நம்ம ஊர்க் கதை பாதி புரிந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது நர்மதையும் தபதியும் பிளவுப் பள்ளத்தாக்கில் ஓடுகின்றன என்று. பரீட்சைக்கு அது போதும். தமிழ்நாட்டிலேயே ஒன்று இருக்கிறது என்று எனக்கு எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை. கடலூர், சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர், நாகப்பட்டினம். உலகத்திலேயே தட்டையான நிலங்களில் ஒன்று.

புவியியலாளர்கள் அதைக் காவிரிப் படுகை என்கிறார்கள். இந்தியா, இலங்கை, அண்டார்டிகா மூன்றும் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், சுமார் 15 கோடியிலிருந்து 13 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்த ஒட்டு இழுபடத் தொடங்கியது. அண்டார்டிகா முழுசாகப் பிரிந்து போனது. இலங்கைக்கும் நமக்கும் நடுவே விழுந்த பிளவு பாதியில் நின்றுவிட்டது, பாக் நீரிணை அந்த அரைகுறைப் பிளவின் மேல் தேங்கிய ஆழமில்லாத கடல். நிலத்தில் வடகிழக்கு-தென்மேற்காக நீண்ட துண்டங்கள், ஒன்று இறங்கி ஒன்று நின்று, இறங்கி நின்று கிடக்கின்றன. அரியலூர்-புதுச்சேரி பள்ளம், கும்பகோணம்-மாதானம் முகடு, தஞ்சாவூர்-தரங்கம்பாடி பள்ளம், காரைக்கால் முகடு என்று அவற்றுக்குப் பெயர்கூட உண்டு. எண்ணெய் தேடி ஓ.என்.ஜி.சி. 1960-களிலிருந்து போட்ட கிணறுகளும் அதிர்வலை ஆய்வுகளும்தான் இதைக் காட்டிக்கொடுத்தன. கும்பகோணத்தில் வயல்வெளியில் நின்றால் உங்கள் காலுக்குக் கீழே ஒரு மலைத்தொடர் புதைந்து கிடக்கிறது. அதற்கு இரண்டு பக்கமும் உள்ள பள்ளங்களில் ஆழமான இடத்தில் 5 கிலோமீட்டருக்கு மேல் வண்டல். எல்கேயோ சரிவைப்போல மூன்று நாலு சுவரை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாலும் உள்ளே மறைந்துவிடும்.

ஓரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கிருந்து ஒரு நாள் போதும். நான் போனது செஞ்சி, திண்டிவனம், மயிலம் வழி. செஞ்சி வரைக்கும் குண்டுக்கல் குவித்த மலைகள், நடுவில் ஏரி, ஏரிக்குக் கீழே நெல். திண்டிவனம் தாண்டி வானூர்ப் பக்கம் திரும்பினால் மண் சட்டென்று சிவக்கிறது, முந்திரித் தோப்பு வருகிறது. திருவக்கரை ஒரே ஊரில் இரண்டு பூமியை வைத்திருக்கிற இடம். ஒரு பக்கம் கருங்கல் குவாரிகள், லாரிகள், கிரஷர் புழுதி. இன்னொரு பக்கம் கல்மரப் பூங்கா. செம்மணல் பாறைக்குள் 2 கோடி ஆண்டுப் பழைய மரத்தண்டுகள் கல்லாகிக் கிடக்கின்றன, வளையம்கூடத் தெரிகிறது. குவாரியில் உடைபடுவது நம்ம கல். பூங்காவில் கிடப்பது பள்ளத்தை நிரப்பிய மண்ணின் கடைசி அடுக்கு. கோயிலுக்கு வருகிறவர்கள் இந்த எல்லையைத் தினமும் கடந்துபோகிறார்கள், பலகை ஒன்றும் கிடையாது.

முதல் அடுக்குகளைப் பார்க்க பெரம்பலூர்ப் பக்கம் போக வேண்டும். தெரணியில் வெள்ளைக் களிமண்ணுக்குள் இலை அச்சுகள். கடல் வருவதற்கு முன்னால் பள்ளத்தின் ஓரத்தில் வளர்ந்த செடிகள் அவை. மேற்கு ஓரத்தின் அடிப்படுகைகளில் நைஸ் குண்டுக்கற்கள் கலந்து கிடக்கின்றன. தலையளவு கல்லை ஆறு நெடுந்தூரம் உருட்டிக்கொண்டு வராது, பக்கத்தில் ஒரு செங்குத்துச் சரிவு இருந்திருந்தால்தான் விழுந்திருக்கும். ஆக, சுவர் இருந்தது, அதிலிருந்து கல் விழுந்துகொண்டும் இருந்தது. அப்புறம் கடல் உள்ளே வந்தது. காரை கிராமத்துக் கட்டாந்தரையில் அம்மோனைட் என்கிற சுருள் ஓட்டுக் கடலுயிரியின் அச்சுகளை ஆராய்ச்சியாளர்கள் 150 வருஷத்துக்கும் மேலாகப் பொறுக்குகிறார்கள். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று படுத்திருக்கிறது. 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்தது, கடலுக்கு அடித்துவரப்பட்டுச் சேற்றில் புதைந்த மரம். நம்ம சாத்தனூர் அணையில் போய்க் கல்மரம் எங்கே என்று கேட்டுவிடாதீர்கள், அது பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர். நான் கேட்டிருக்கிறேன்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. போர் போடுகிறவனுக்கு இந்த எல்லை நன்றாகத் தெரியும். வேங்கிக்காலில் ரிக் வண்டி வந்து நின்றால் முதலில் மண், அப்புறம் சுக்கான் பாறை, அதுவரைக்கும்தான் கேசிங் பைப். அதற்குக் கீழே கெட்டிக் கல், பைப்பே தேவையில்லை, துளை தானாக நிற்கும். தண்ணீர் இருந்தால் கல்லில் உள்ள வெடிப்பில் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. எங்கள் தெருவில் ஒருவர் 800 அடி போட்டு வெறும் வெள்ளைப் புழுதியைப் பார்த்தார். இருபதடி தள்ளிப் பக்கத்து மனையில் 180 அடியில் தண்ணீர். இதில் ராசி ஒன்றும் இல்லை, வெடிப்பு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். 800 அடிக்கு மேல் ஆழப்படுத்த அவர் கடன் வாங்கப் போனபோது நான் தடுத்தேன். ஆழம் போகப் போக மேலே உள்ள கல்லின் கனம் வெடிப்புகளை மூடிவிடும், தண்ணீர் கிடைக்கிற வாய்ப்பு குறையுமே தவிர கூடாது.

பண்ருட்டி, நெய்வேலிப் பக்கம் இது தலைகீழ். அங்கே மணல், களிமண், மறுபடி மணல். கேசிங் கடைசிவரை இறக்காவிட்டால் துளை இடிந்துவிடும், மணலை நிறுத்த ஃபில்டர் பைப் வேண்டும். தண்ணீருக்குப் பஞ்சமில்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக வந்த பொருள்தான் பிற்பாடு நெய்வேலி நிலக்கரிச் சுரங்கமானது. அந்தச் சுரங்கத்தின் பெரிய தலைவலியே தண்ணீர். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே உள்ள மணலில் தண்ணீர் அழுத்தத்தோடு இருக்கிறது, இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தின் தரை வெடிக்காமல் நிற்கும். நூறு கிலோமீட்டர் இடைவெளியில், அங்கே தண்ணீரை வெளியேற்றச் செலவு, இங்கே தண்ணீரைத் தேடச் செலவு. அவர்கள் பள்ளத்துக்குள் இருக்கிறார்கள், நாம் கரையில் இருக்கிறோம்.

சரி, அந்தச் சுவர் எங்கே? ஜவ்வாது மலைதான் அதுவோ என்று எனக்கும் ஒரு காலத்தில் சந்தேகம் இருந்தது. மழை ஓய்ந்த காலையில் வேங்கிக்கால் மாடியிலிருந்து வடமேற்கே பார்த்தால் அது சுவர் மாதிரிதான் தெரியும். ஆனால் சுவர் பிளவிலேயே நிற்பதில்லை. விளிம்பில் மழை அரிக்கும், கல் விழும், விழுந்ததை ஆறு எடுத்துப்போகும், விளிம்பு பின்னுக்கு நகரும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். மடகாஸ்கர் அந்தப் பக்கம் பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன். பிரிந்த கோடு இன்று கடலுக்குள் இருக்கிறது. சுவரோ கரையிலிருந்து பல பத்து கிலோமீட்டர் உள்ளே வந்து நிற்கிறது. கிழக்கே நமக்கு இன்னும் 4 கோடி வருஷம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது, சுவரே மிச்சமில்லை. ஜவ்வாது, கல்வராயன், அண்ணாமலை எல்லாம் தேய்ந்தது போக நின்றவை. கல் கெட்டியாகவும் வெடிப்பு குறைவாகவும் இருந்த இடம் மலை, வெடிப்பு நிறைந்த இடம் வயல். ஜவ்வாதுக்கும் கல்வராயனுக்கும் நடுவே அப்படித் தேய்ந்து திறந்த வழிதான் செங்கம் கணவாய். 1767-இல் ஹைதர் அலி படை அந்த வழியாகத்தான் செங்கத்துக்கும் திருவண்ணாமலைக்கும் சண்டைக்கு வந்தது.

மேலே இருந்ததெல்லாம் எங்கே போச்சு என்று கேட்டேன் அல்லவா? அதில் பெரும்பங்கு கிழக்கே அந்தப் பள்ளத்தில் கிடக்கிறது. கடலூர் மணற்பாறையில் உள்ள ஒவ்வொரு வெள்ளை மணலும் ஏதோ ஒரு கிரானைட்டிலோ நைஸிலோ இருந்த படிகம். பெண்ணையாறும் செய்யாறும், அவற்றுக்கு முன்னால் பெயரில்லாத எத்தனையோ ஆறுகளும் சுமந்தவை. வேலை இன்னும் நிற்கவில்லை. ஃபெஞ்சல் மழையில் டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் வீட்டுக்குள் நின்ற செம்பழுப்புச் சேறு நம்ம மேட்டுநிலத்து மண். பிளவு மட்டும் ஓய்ந்துவிட்டது. முழுக்க ஓய்ந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன், 2001 செப்டம்பர் 25-இல் புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவில் நடுக்கம் வந்தது. ஆனால் 2024 டிசம்பர் 1-க்குக் காரணம் தேட அங்கே போக வேண்டியதில்லை.

அன்று விழுந்தது மலையின் தோல். ஆழத்தில் அழுத்தத்தில் பிறந்த கல் மேலே வந்து பாரம் இறங்கியதும் விரிகிறது, வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடாக வெடிக்கிறது. குறுக்கும் நெடுக்குமாக வேறு வெடிப்புகள். மழைத்தண்ணீர் அவற்றில் இறங்கி, மூலையும் விளிம்புமாக முதலில் மக்கவைத்து, சதுரக் கல்லை உருண்டைக் கல்லாக்குகிறது. சுற்றிலும் மக்கிய சரளையும் செம்மண்ணும், நடுவில் மக்காத குண்டுக்கல். பல ஆயிரம் வருஷம் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஒரே நாளில் மாதக்கணக்கு மழை பெய்தால் சரளை தண்ணீர் குடித்துக் கனத்து வழுக்குகிறது, பிடித்துக்கொண்டிருந்த மண் போனதும் கல் கிளம்புகிறது. தெரணிக்கும் காரைக்கும் பக்கத்தில் அடிப்படுகையில் நான் பார்த்த குண்டுக்கற்களும் இப்படித்தான் ஒரு மழைநாளில் விழுந்திருக்கும். அப்போ கீழே வீடு இல்லை.

மலையில் தண்ணீர் இறங்குகிற ஓடைகள் எவையென்று சரிவைப் பார்த்தாலே தெரியும். கல் உருண்டுவந்த தடமும் அதே ஓடைகள்தான். ஓடை மலையை விட்டு இறங்கி விரிகிற இடத்தில் விசிறி மாதிரி சரளை மேடு இருக்கும், தரை கொஞ்சம் உயரமாக, வடிகால் வசதியாக, மனை போட அழகாக இருக்கும். கிரிவலப் பாதைக்கு உள்பக்கம் அப்படிப்பட்ட மேடுகளில் எத்தனை தெரு இருக்கிறது என்று போன மாதம் நடந்து எண்ணத் தொடங்கினேன். பாதி தூரத்தில் ஒரு வீட்டு வாசலில் மாட்டுக்கொட்டகை அளவுக்கு ஒரு குண்டுக்கல். காம்பவுண்ட் சுவரை அதையே ஒரு பக்கமாக வைத்துக் கட்டியிருந்தார்கள். கல்லுக்கு மஞ்சள் குங்குமம். "இது எப்ப வந்துச்சும்மா?" என்று கேட்டேன். "அது எப்பவும் இங்கதான இருக்குது" என்றார் அந்த அம்மா. கல்லுக்கு நேர் மேலே மலையைப் பார்த்தேன். ஓடை தெரிந்தது. அதை அவருக்கும் காட்டினேன், மழைக்காலத்தில் பெரிய மழை என்று அறிவிப்பு வந்தால் பிள்ளைகளை அந்த இரண்டு ராத்திரி வேறு எங்காவது படுக்க வைக்கச் சொன்னேன். "எங்க அம்மா வீடு வேங்கிக்கால்லதான் சார்" என்றார்.